பதினொரு பேர் ஏறிய படகு

மன்னார்குடி,
12.6.2024

அன்பு இர்ஃபானா,

உன் போனை உன் வீட்டுக்காரர் ஷஹ்பாஸ் அண்ணன் வாங்கி வைத்துக்கொண்டதாக உன் தங்கை அஃப்ரீன் சொன்னாள். அதனால்தான் அவள் முகவரிக்கு இந்தக் கடிதம்.

என் வீட்டுக்காரருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதுகெல்லாம் படுக்கைப்புண். குறுவைக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டேன். நடவுச் சத்தம் கேட்டால் சுவர்ப்பக்கம் திருப்பிவிடச் சொல்கிறார்.

நஷ்டஈடு கேட்டு ஷஹ்பாஸ் அண்ணன்மேல் வழக்குப் போட்டிருக்கிறோம். காணும் பொங்கலுக்கு அலையாத்திக் காடு பார்க்க நீதானே எங்களைக் கூப்பிட்டாய். ஆறு பேர் போகிற தன் படகில் பதினொரு பேரை ஏற்றினார் அவர். ஒருவருக்கும் லைஃப் ஜாக்கெட் இல்லை. கவிழ்ந்த படகு இவர் முதுகில் இறங்கியதை நீயும் பார்த்தாய். மற்றவர்கள் வெளியூர், சாட்சிக்கு வர மாட்டார்களாம். பெண்டாட்டி நான் சொன்னால் எடுபடாதாம். பார்த்ததை மட்டும் நீ சொன்னால் போதும்.

உன்மேல் எனக்குக் கோபமில்லை.

உன் செம்மொழி

அதிராம்பட்டினம்,
3.7.2024

பிரியமுள்ள செம்மொழி,

நலமா என்று கேட்கவே கூசுகிறது. இளையபெருமாள் அண்ணனுக்காகக் கேட்காத துஆ இல்லை.

படகுக்கு உரிமமும் இல்லை, இன்சூரன்சும் இல்லை. தீர்ப்பு எதிராக வந்தால் வீடு போய்விடும் என்று என் வீட்டுக்காரர் பயப்படுகிறார். போலீஸ் கேஸ் வேறு இருக்கிறது. ஆனாலும் உனக்கு எதிராக நான் பொய் சொல்ல மாட்டேன். தைரியமாக இரு.

என்றும் உன்,
இர்ஃபானா

மன்னார்குடி,
21.3.2025

இர்ஃபானா,

நீ கூண்டில் ஏறியபோது கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"எல்லாருக்கும் ஜாக்கெட் கொடுத்தாங்க. இளையபெருமாள்தான் போட்டோ எடுக்கக் கழட்டிட்டு எந்திரிச்சு நின்னாரு. அதுலதான் படகு சாஞ்சுது."

அண்ணன் என்றுகூட நீ சொல்லவில்லை.

என்ன நடந்தது என்று இவர் கேட்டார். மறைக்க முடியவில்லை. அன்றைக்கு நடந்தது இவருக்குச் சரியாக நினைவில்லை. "நான் எந்திரிச்சா நின்னேன், செம்மொழி?" என்றார். அன்றிலிருந்து தினமும் கேட்கிறார். இல்லை என்று நான் சொன்னால் நம்புவதில்லை.

செம்மொழி

அதிராம்பட்டினம்,
30.8.2025

செம்மொழி,

வழக்கு தள்ளுபடியானதைக் கேள்விப்பட்டேன்.

நான் சொன்னது பொய். அண்ணன் உட்கார்ந்துதான் இருந்தார். படகில் ஒரு ஜாக்கெட்கூட இல்லை. "நான் உள்ள போனா பிள்ளைங்க தெருவுலதான் நிக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். சாட்சிக்கு முதல்நாள்வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதை அண்ணனுக்குப் படித்துக் காட்டு. அவர் தன்னையே குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். என்னால் முடிந்தது இவ்வளவுதான்.

இர்ஃபானா

மன்னார்குடி,
9.9.2025

இர்ஃபானா,

படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் அழுதார்.

மறுநாளே உன் கடிதத்தை வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். அப்பீலில் சேர்க்கப்போகிறார். "பொய்ச்சாட்சின்னு அந்தம்மா மேலயும் கேஸ் வரலாம். பரவால்லயா?" என்று கேட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். எப்போது முடியும் என்று சொல்ல முடியாதாம். ஜெயித்தாலும், அதற்குள் வீட்டை விற்றுவிட்டால் ஷஹ்பாஸ் அண்ணனிடமிருந்து வாங்க எதுவும் இருக்காதாம். இவருக்குப் புண் எலும்புவரை போய்விட்டது. அதுவரை இருப்பாரா என்று டாக்டரைக் கேட்கவில்லை.

இனிமேல் எனக்கு எழுதாதே. எழுதினால் அதையும் நான் வக்கீலிடம்தான் கொடுப்பேன்.

செம்மொழி