விசிலுக்குப் போட்ட சனிக்கிழமை டூட்டி

என் பெரியவளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். மூன்று பேரும் என்று எழுதிவிட்டேனே தவிர சின்னவளுக்குத் தோள் கொஞ்சம் சரியில்லை, அதைப் பிறகு சொல்கிறேன், பயப்படும்படி ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, மாத்திரை வாங்கிக் கொடுத்தால் பாதி நாள் போட மறந்துவிடுகிறார், மறந்ததையும் மறந்துவிட்டு நான் வாங்கித் தரவில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார். மாடிப்படி விளக்கு மூன்று வாரமாக எரியவில்லை, ஊருக்கெல்லாம் வயர் இழுக்கிற மனுஷனுக்கு வீட்டு பல்பை மாற்ற நேரம் இல்லையாம். போன வாரம் போனில் கேட்டாயே, ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு என்று, அப்போது சின்னவள் பக்கத்தில் இருந்தாள், அதனால் ஒன்றுமில்லை என்றேன். இப்போது எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், எழுதினால்தான் என் வயிற்றெரிச்சல் அடங்கும்.

விசிலை உனக்கு ஞாபகம் இருக்கும், எங்கள் டிப்போவில் பஸ் ஓட்டுகிறவன், தூங்கும்போதுகூடக் கழுத்தில் விசில் தொங்கும் என்று டிப்போவில் கேலி செய்வார்கள். நம் பேட்டைப் பெண்பிள்ளைகளின் சாஃப்ட்பால் டீமுக்கு அவன்தான் கோச். பன்னிரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகள் சனிக்கிழமை மத்தியானம் பொழுதுபோக்காக ஆடுகிற டீம், கோப்பை கிடையாது, பரிசு கிடையாது, முடிந்ததும் ஆளுக்கொரு ஜூஸ். ஆனால் விசிலுக்கு அது உலகப் போட்டி. நம் சின்னவளுக்கோ பந்து வீசுகிற பிட்சர் ஆக வேண்டும் என்று ஒரே ஆசை. எட்டு மாசமாகப் பின்பக்கச் சந்தில் தினமும் ஐம்பது பந்து, கையைச் சக்கரமாகச் சுற்றி இடுப்புக்குக் கீழே இருந்து வீசுவாள், நான் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பிடிப்பேன், என் கால் இரண்டிலும் நீல நீலமாகக் கன்றிக் கிடக்கிறது. இத்தனை செய்தும் ஆறு மேட்ச்சில் அவளை அவன் ஒரு பந்துகூட வீச விடவில்லை. நெட்டச்சி என்று ஒருத்தி இருக்கிறாள், என் உயரம் இருப்பாள், அவள் வீச்சைப் பார்த்து எதிர் டீம் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்ளும், ஆரம்பத்திலிருந்து முடிவுவரை அவளேதான் பிட்சர். நம்மவள் பந்தே வராத கோடியில் நின்று புல்லைக் கிள்ளிக்கொண்டிருப்பாள். ஆறு மேட்ச்சும் ஜெயித்தார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் இந்த சீசன் முடிந்தால் சின்னவள் பெரிய பிள்ளைகள் பிரிவுக்குப் போய்விடுவாள், அங்கே ஏற்கெனவே மேட்ச்சில் வீசியவர்களைத்தான் பிட்சராக எடுப்பார்கள், அதற்கு மிச்சம் இருந்தது இரண்டே மேட்ச்.

ஒருத்தியே இரண்டு இன்னிங்ஸுக்கு மேல் வீசக் கூடாது, எல்லாப் பிள்ளைக்கும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று போட்டி நடத்துகிறவர்கள் கொடுத்த தாளிலேயே இருக்கிறது, அம்பயர் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. நான் அந்த வரிக்குச் சிவப்பு மையில் கோடு போட்டு சீசன் முழுக்கக் கைப்பையில் வைத்துச் சுமந்தேன். ஆறாவது மேட்ச் முடிந்து பெற்றவர்கள் எல்லாம் கூடி நிற்கும்போது அதை எடுத்து நீட்டி, தம்பி, இவளுக்கும் ஒரு இன்னிங்ஸ் குடுக்கக் கூடாதா என்று மரியாதையாகத்தான் கேட்டேன். அவன் தாளைக் கையில்கூட வாங்கவில்லை. அக்கா, நாம ஜெயிக்கணுமா வேணாமா, உங்க பொண்ணு வீசின பந்து போய்ச் சேர்றதுக்குள்ள நான் ஒரு ட்ரிப் அடிச்சுட்டு வந்துடுவேனே என்றான். அத்தனை பேரும் சிரித்தார்கள். அதுகூடப் போகட்டும், சின்னவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள், எல்லோரும் சிரிக்கும்போது தான் மட்டும் எப்படி அழுவது என்று சிரித்தாள். வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கே முடிவு செய்தேன், இவனைச் சும்மா விடுவதில்லை என்று.

டிப்போவில் டூட்டி லிஸ்ட் போடுகிறவள் யார் என்பதை அவன் மறந்துவிட்டான். யாருக்கு எந்த வண்டி, எந்த ஷிப்ட், எந்த நாள் ஓய்வு, பதினைந்து வருஷமாக எல்லாம் என் பேனாவில் இருக்கிறது. அவனுக்குச் சனிக்கிழமை ஓய்வு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, பிள்ளைகளுக்காக ஓடி வருகிறானே என்று நானாகப் பார்த்து ஒதுக்கிக் கொடுத்தது. அதை நிறுத்தினேன். ஒன்பதாம் நம்பர் பஸ்ஸில் மத்தியான டூட்டி போட்டேன். ஏன் ஒன்பது என்றால் அதுதான் மைதானத்தை ஒட்டிப் போகிறது, மைதான வாசல் ஸ்டாப்பில் நேரம் சரிபார்க்க இரண்டு நிமிஷம் நின்றுதான் புறப்பட வேண்டும், டிரைவர் சீட்டை விட்டு இறங்கக் கூடாது. வேலிக்கு அந்தப் பக்கம் அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், இந்தப் பக்கம் என் மகள் வட்டத்தில் நின்று வீச வேண்டும், அவன் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். அந்த இரண்டு நிமிஷத்தை நினைத்து நினைத்து ஒரு வாரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன், அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு விசில் என் ஜன்னலுக்கு வந்து, அக்கா, சனிக்கிழமை மேட்ச் இருக்கே என்று தலையைச் சொறிந்தான். ஆள் பத்தலை தம்பி, நான் என்ன பண்ணட்டும் என்றேன், இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு. அப்போ பிள்ளைங்களை யார் பாத்துப்பாங்க என்றான். நான் இருக்கேனே என்றேன்.

சனிக்கிழமை இரண்டரைக்கு ஆட்டம் ஆரம்பம், பஸ் இரண்டு நாற்பதுக்கு வர வேண்டும். சின்னவளிடம் பந்தைக் கொடுத்தேன். நீ அங்கே இருந்து பார்த்திருக்க வேண்டும், முதல் இன்னிங்ஸில் மூன்று பேரை வரிசையாக அவுட்டாக்கினாள், நெட்டச்சியே ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். பஸ் மட்டும் வரவில்லை. எங்கேயோ குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்களாம். இரண்டாவது இன்னிங்ஸிலும் சுமாராக வீசினாள், நான் ஆட்டத்தைப் பார்த்தேனா ரோட்டைப் பார்த்தேனா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு முடிந்ததும் மாற்றியிருக்க வேண்டும். கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண் இருக்கிறாள், அவளும் சீசன் முழுக்க ஒரு பந்து வீசாதவள்தான், அன்றைக்கு பெஞ்சில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் அம்மாவும் வேலியோரம் நின்று என்னையே பார்த்தாள். நான் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. மூன்றாவதும் நீயே போ என்று சின்னவளை அனுப்பினேன். பந்து அங்கும் இங்கும் போக ஆரம்பித்தது, நாலு பந்து தப்பினால் எதிராளி அடிக்காமலே நடந்து போய் முதல் பேஸில் நிற்பாள், அப்படி வரிசையாக நடந்தார்கள், முன்னால் போனவர்கள் ஒவ்வொருத்தியாகச் சுற்றி வந்து ரன் எடுத்தார்கள். சின்னவள் கையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் ஒரு விரலைக் காட்டினேன், இன்னும் ஒன்று என்று. எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு டிரைவரையும் வண்டியில் உட்கார வைக்காதவள் நான், ஒரு நிமிஷம் கூடினாலும் மேலதிகாரியோடு சண்டைக்குப் போகிறவள், பெற்ற பிள்ளையை நாலாவது இன்னிங்ஸுக்கும் அனுப்பினேன், பஸ் இன்னும் வரவில்லை என்பதற்காக.

அப்போதுதான் ஒன்பது வந்து நின்றது. சின்னவள் முகம் ரத்தமாகச் சிவந்து, வீசுகிற பந்தெல்லாம் பாதியில் தரையில் குத்தி உருண்டுகொண்டிருந்தது. அவன் சிரிப்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஜன்னல் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, அக்கா, அவளை மாத்துங்க, தோள் போயிடும் என்று கத்தினான், பஸ் முழுக்க ஜனம் எட்டிப் பார்த்தது. அவன் சொல்லி நான் கேட்பதா என்று, அடிக்க வந்த அடுத்த பெண்ணுக்கும் சின்னவளையே வீசச் சொன்னேன். வீசினாள். பிறகு என்னைப் பார்க்காமலே நடந்து போய்க் கண்ணாடிக்காரியை பெஞ்சிலிருந்து எழுப்பி அவள் கையில் பந்தைக் கொடுத்துவிட்டுப் பழைய கோடிக்கே போய் நின்றுகொண்டாள். அவர்கள் ஒன்பது ரன், நாங்கள் நாலு, தோற்றோம். வீட்டுக்கு வந்து ஐஸ் வைக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டு, அவரு என்னைப் போட விடலை, நீ என்னை நிறுத்த விடலை என்றாள். அதோடு சரி, அதற்குப் பிறகு என்னிடம் ஆமாம் இல்லை தவிர வேறு பேச்சு இல்லை.

விசில் திங்கட்கிழமை கையெழுத்துப் போட வந்தான், தோற்றதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், பாப்பாவுக்குக் கை எப்படி இருக்குக்கா என்று மட்டும் கேட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெட்டவன் கெட்டவனாகவே இருந்து தொலைத்தால் என்ன. அதற்கும் சேர்த்து அடுத்த மாசம் முழுக்க அவனுக்கு விடியற்காலை முதல் வண்டி போட்டிருக்கிறேன், குளிரில் போய் ஓட்டட்டும். வருகிற சனிக்கிழமை மட்டும் ஓய்வு எழுதியிருக்கிறேன், அன்றைக்குக் கடைசி மேட்ச். அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே, அந்த ட்ரிப் பேச்சை நான் சாகிறவரை மறக்கப் போவதில்லை. ஆனால் சின்னவள் மேட்ச்சுக்கே வர மாட்டேன் என்கிறாள், சந்தில் பந்துச் சத்தம் கேட்டு ஆறு நாள் ஆகிறது.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நல்ல மனுஷர்கள் சூழ நிறைவாக இருக்க வேண்டும். கிடைத்ததைக் கொறித்துவிட்டு வேலைக்கு ஓடாதே, மாசம் ஒரு முறையாவது அப்பாவோடு தனியாகப் பேசு. முக்கியமாக ஒன்று, இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு, எனக்குப் பண்ணாதே, சின்னவளைக் கூப்பிடு, நான் சொன்னதாகச் சொல்லாதே. தோள் வலிக்கிறதா என்று கேள். என்னிடம் சரியாகிவிட்டது என்கிறாள், ஆனால் காலையில் கதவிடுக்கில் பார்த்தேன், இடது கையால்தான் தலை வாரிக்கொள்கிறாள்.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும்,
அம்மா