வாசலுக்கு எந்தச் செடி

அன்புள்ள உங்களுக்கு,

நான் சௌக்கியம். அத்தைக்கு முட்டிவலி தேவலையா?

வாசலில் என்ன பூச்செடி வைக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். நேற்று எங்கள் செடி நர்சரி மேனேஜரிடம் ஊருக்கு வர லீவு கேட்டேன்.

"சீசன் முடியட்டும்மா."

"எந்த மாசம்னு சொல்லுங்க சார், அப்போ பூக்கிற செடியா வைக்கச் சொல்றேன்."

"எனக்கே தெரியலையேம்மா" என்று சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

அதனால் ஒரு பருவம் மட்டும் பூக்கிற செவ்வந்தி வேண்டாம். வருடம் முழுக்கப் பூக்கும் இட்லிப்பூவும் செம்பருத்தியும் வையுங்கள். அரளியும் அப்படித்தான், ஆனால் விஷம். சின்னவள் இன்னும் எல்லாவற்றையும் வாயில் வைக்கிறாள் என்றீர்களே.

நட்டதும் அவளைப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். மாதாமாதம் எடுங்கள். செடி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கத்தான்.

வேன் ஹார்ன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மனைவி