பிள்ளைமேல் போட்ட பழி

அன்புள்ள அத்தான்,

இப்படித் தொடங்க எனக்குக் கை வரவில்லை. அக்கா உங்களுக்கு எழுதிய கடிதமெல்லாம் இப்படித்தான் தொடங்கும் என்பதால் விட்டுவைக்கிறேன்.

நேற்று உங்களை அடக்கம் செய்தோம். கொடைக்கானல் கடைவீதியே வந்திருந்தது. பூண்டு வியாபாரத்தில் இவரைப் போல நல்ல மனுஷன் கிடையாது என்றார்கள். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

ஸ்டெல்லாவைச் சுமந்திருந்தபோது லூர்து அக்காவின் இடது மார்பில் கட்டி வந்தது. என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்துக் காட்டினாள். கூழாங்கல் மாதிரி இருந்தது, வலியில்லை. மாசமாயிருந்தால் மார்பு கனக்கும், பால் கட்டியிருக்கும் என்றார் உங்கள் அம்மா. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குத் தொட்டதுமே முகம் மாறிவிட்டது. புற்றாக இருக்கலாம், உடனே மதுரைக்குப் போங்கள், வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாமல் ஆபரேஷன் செய்யலாம் என்றார்.

"வயித்துல பிள்ளையோட கத்தி வைக்க விடமாட்டேன். பெத்தெடுக்கட்டும், பார்ப்போம்" என்றீர்கள். அக்கா கெஞ்சியது உங்கள் காதில் விழவே இல்லையா? வாரம்தோறும் பூண்டு மூட்டையோடு மதுரைக்குப் போன உங்கள் லாரியில் அவளுக்கு ஓர் இடம் இல்லையா?

பிரசவத்துக்குப் பிறகு போனபோது அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. மார்பை எடுத்தார்கள். ஸ்டெல்லா தவழும் முன்பே அக்கா போய்விட்டாள். பிள்ளைதான் தாயைத் தின்றது என்று கல்லறைத் தோட்டத்திலேயே சொன்னீர்கள்.

அதையே டாக்டரம்மாவிடமும் கேட்டீர்கள். நானும் பக்கத்தில் இருந்தேன். பிள்ளையை வெளியாளாக எண்ணி எதிர்த்துவிடாதபடி, கர்ப்பத்தில் உடம்பு தன் காவலைக் கொஞ்சம் தளர்த்துமாம். அந்த நேரம் பார்த்து இந்த நோயும் வேகமாக வளர்கிறதா என்று பெரிய டாக்டர்களுக்கே இன்னும் நிச்சயமில்லை என்றார். அதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் தலையாட்டினீர்கள். அவர் விடவில்லை.

"தெரியாதத விடுங்க, தெரிஞ்சதச் சொல்றேன். கட்டி சின்னதா இருக்கையில நான் போகச் சொன்னேன். நீங்க அனுப்பல. பச்சப்பிள்ள மேல பழி போடாதீங்க."

கேட்டீர்களே அத்தான். கேட்ட பிறகாவது அவளை ஒருநாள் தூக்கினீர்களா? வட்டக்கானலில் என் வீட்டில் வளர்ந்த பிள்ளை, கடைவீதியில் உங்களைக் கண்டால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

நேற்று உங்கள் தங்கையும் அவளை, ஆத்தாளையும் அப்பனையும் முழுங்கியவள் என்றாள். வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லா கேட்டாள்: "சித்தி, நான் பொறக்காம இருந்திருந்தா அம்மா இருந்திருப்பாங்களா?"

உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், உங்கள் பெயரையும் விடாமல்.

"நீ காரணமில்ல தாயி. அப்பா வெரசா கூட்டிட்டுப் போயிருந்தா, நீயும் இருந்திருப்ப, அம்மாவும் பொழச்சிருக்கலாம்."

வெகுநேரம் அழுதாள். அப்புறம் சோறு கேட்டாள். மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டாள்.

இனி எவர் அந்தப் பழியைச் சொன்னாலும், உங்கள் நினைவுப் பூசையிலேயே சொன்னாலும், எழுந்து நின்று நடந்ததைச் சொல்வேன். நாளைக்கு அவள் உடம்பில் சின்னக் கட்டி தெரிந்தாலும் அன்றைக்கே பஸ் ஏறுவோம். எந்த ஆம்பிளையின் சம்மதத்துக்கும் காத்திருக்கமாட்டோம். இது என் வாக்கு.

என்னிடம் மன்னிப்பு இல்லை. அக்கா அங்கேதான் இருக்கிறாள், அவளிடம் கேட்டுப்பாருங்கள்.

லூர்துவின் தங்கை, ஸ்டெல்லாவின் சித்தி,
அருள்மேரி