பால் காய்ச்சாத வீடு

கல்முனைக்குடி,
1979 ஜனவரி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள குணம்,

படைத்தவன் உன்னைச் சுகத்தோடு வைத்திருக்கட்டும். இங்கே நானும் மஜீடும் பிள்ளைகளும் சுகம். சூறாவளியில் பறந்த ஓடுகளுக்கு இவர் புது ஓடு வாங்கிப் போட்டுவிட்டார். அடுப்பெரிக்கிற குசினி மட்டும் இன்னும் ஒழுகுகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவுக்கு நோய் நொடி ஒன்றும் இல்லை. "படுத்த படுக்கையாக் கிடக்கன் எண்டு எழுது புள்ள, அப்பதான் அவ கொழும்பில இருந்து ஓடி வருவா" என்று மாமி சொல்லித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் இல்லாத நோயை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதி, அது உண்மையாகவே வந்துவிட்டால்?

நோய் இல்லை, இருக்கிற இருப்புத்தான் சரியில்லை. உங்கள் பழைய வீடு விழுந்தது உனக்குத் தெரியும். பக்கத்தில் உனக்கென்று கட்டிய சீதன வீடு ஓர் ஓடுகூட அசையாமல் நிற்கிறது. மாமியோ அதன் சுவரோரமாகக் தென்னோலைக் கிடுகுக் கொட்டில் போட்டு அதற்குள் கிடக்கிறார். வீட்டுப் பூட்டின் திறப்பு அவர் இடுப்பில் இருக்கிறது. கேட்டால், "அது மகள்ட வீடு. அவ வந்து பால் காய்ச்சாம நான் எப்பிடி உள்ளுக்குப் போய்ப் படுக்கிற?" என்கிறார். எங்கள் ஆட்களும் மகளுக்குத்தான் வீடு கட்டுகிறோம், எனக்கு விளங்காமல் இல்லை. ஆனாலும் மழையில் பாயைச் சுருட்டிக்கொண்டு அவர் மூலைக்கு மூலை ஒதுங்குவதைப் பார்த்து எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "திறப்பைத் தாங்க மாமி, நான் காய்ச்சுறன்" என்று சண்டை பிடித்தேன். "நீ என்ன என்ட வயித்திலயா பிறந்தாய்?" என்று கேட்டுவிட்டார். பிறகு அவரே அழுதழுது எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

நீ மிஷன் வேலைக்குப் போகப்போகிற சாம்பியா எனக்கு அடிக்கடி தெரிகிறது குணம். அரிசி புடைத்துக்கொண்டிருப்பேன், கண் தானாக மயங்கும். சிவந்த மண் ரோட்டில் நீ நேர்ஸ் உடுப்போடு நடந்து போவாய். உன் பின்னால் பிள்ளைகள் ஏதோ ஒரு பாஷையில் சிரித்துக்கொண்டு வருவார்கள். அந்தச் சிரிப்பு மட்டும் எனக்கு விளங்கும். பின்னேரங்களில் கடற்கரைக்குப் போகிறேன். தென்னைகளெல்லாம் தலை முறிந்து நிற்பதால் வானம் முன்னைவிடப் பெரிதாக இருக்கிறது. ஆப்பிரிக்கா இந்தக் கடலில் இல்லை, அது மற்றப் பக்கத்துக் கடல் என்று மஜீட் சிரிக்கிறார். இருக்கட்டுமே. எனக்கு வேறு கடல் ஏது?

ஆண்டவர் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று அந்தக் கரையில் வைத்துத்தான் நீ சொன்னாய். தமிழிலா கூப்பிட்டார் என்று நான் பகிடி பண்ணினேன். நீ சிரிக்கவில்லை. கல்முனையில் நோயாளிக்குப் பஞ்சமா, அவ்வளவு தூரம் போய்த்தான் ஊசி போட வேண்டுமா என்று கோபத்தில் கேட்டேன். அதற்கும் நீ கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மசூர் மாமா ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோதுதான் எனக்குக் கொஞ்சம் விளங்கியது. பிழை பொறுக்கச் சொல்லி வீடு வீடாக மாப்புக் கேட்டுப் போனவர், உன் அம்மாவிடமும் போனார். "அழைப்பு வந்திட்டு, போகத்தானே வேணும்" என்றார். மாமி கண் கலங்கி, கும்பிட்டு அனுப்பிவைத்தார். அதை ஞாபகப்படுத்தி, "அவருக்கு வந்த அழைப்புக்கு வழியனுப்பினீங்க, பெத்த மகளுக்கு வந்ததுக்கு ஏன் கதவைப் பூட்டிக்கிட்டு இருக்கீங்க?" என்று போன கிழமை கேட்டேன். மாமி இடுப்பில் இருந்த திறப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அவர் திரும்பி வந்திட்டார் புள்ள" என்றார்.

அதனால் சொல்கிறேன், பிளேன் ஏறுவதற்கு முன் ஒருமுறை வா. வந்து மசூர் மாமாவைப் போல அம்மாவின் கையைப் பிடித்து மாப்புக் கேள். போதகரைக் கூப்பிட்டு ஜெபம் செய்து பால் காய்ச்சு. திறப்பை அம்மாவின் கையில் வைத்து, என் வீட்டில் நீங்கள் இருங்கள் என்று உன் வாயால் சொல். வேறு யார் சொன்னாலும் அவர் அந்தப் படி ஏறமாட்டார். ஆனால் பால் பொங்குவதற்கு முன்பே நீ போகிறாய் என்பதைச் சொல்லிவிடு. நின்றுவிட்டாய் என்று அவரை ஒரு நிமிஷமும் நம்பவைக்காதே. கோபத்தில் சட்டியைத் தட்டிவிடுவார். தட்டட்டும், இன்னொரு சட்டியில் பால் கொண்டு நான் வேலியடியில் நிற்பேன்.

நீ போன பிறகு மாமியை நான் பார்த்துக்கொள்வேன். தினமும் சண்டை பிடிப்போம், அது வேறு கதை.

உன்னைக் கூப்பிட்டவன் எந்த மண்ணிலும் உன் கையை விடாமல் இருக்கட்டும். பஸ் ஏறும்போது அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார். என்னைப் பார்க்காதே குணம். பார்த்தால், போகவேண்டாம் என்று நானும் சொல்லிவிடுவேன்.

உனக்காக துஆச் செய்யும்,
றஹீமா