குட்டனின் தொண்டையில் எலும்பு இல்லை, மைனி

என் பிரியமுள்ள மைனிக்கு,

அண்ணனைப் பற்றிச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் குட்டனைச் சொல்லாமல் அண்ணனைச் சொல்ல முடியாது. இந்தச் செய்தியை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தே பல நாள் ஓடிவிட்டது.

நீங்கள் இருந்தவரை அண்ணன் அவனைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. "உனக்க நாயி" என்றுதான் உங்களிடம் சொல்வார். உங்களைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு நாங்கள் திரும்பி வந்தபோது குட்டன் உங்கள் கட்டிலுக்கு அடியில் கிடந்தான். யார் கூப்பிட்டும் வரவில்லை. அண்ணன் ஒரு பாயை எடுத்துவந்து அவனுக்குப் பக்கத்தில் விரித்துப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவன் அண்ணனின் நாய்.

நீங்கள் அவனுக்குச் செய்த கைவைத்தியம் முழுவதையும் அண்ணனும் செய்ய ஆரம்பித்தார். வயிறு கெட்டால் ஒரு நேரம் பட்டினி போட்டு, பிறகு குழைய வடித்த கஞ்சி. ரப்பர் மரங்களுக்கு இடையே சுற்றி உண்ணி ஏறி வந்தால், மடியில் கிடத்தி இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்பார். காலில் கீறல் என்றால் உப்புத் தண்ணீர். வேலிக்கு இந்தப் பக்கம் என் வீட்டுக்கு அவர் குரல் கேட்கும். "அனங்காம இரி மக்கா, உனக்க அம்மையும் இப்படித்தானே செய்வா."

ஒன்றே ஒன்று விட்டுப்போயிற்று. வருடாவருடம் நீங்கள் அவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்த் தடுப்பூசி போட்டு வருவீர்கள். சிகிச்சைக்காக நீங்கள் திருவனந்தபுரத்துக்கு அலைந்த வருடம் அது நின்றது. அப்புறம் யாருக்கும் அந்த நினைப்பே வரவில்லை. அவன்தான் ஒரு நோய்நொடி இல்லாமல் ஓடித் திரிந்தானே?

கிறிஸ்துமஸுக்கு முன்னால், ஒரு மத்தியானம், நம் ரப்பர் விளைக்குள் ஒரு நாய் வந்தது. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அது குரைக்கவில்லை. எதையும் மோந்து பார்க்கவில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஏதோ வேலையாகப் போவதுபோல மரங்களுக்கு நடுவே நடந்து வந்தது. குட்டன் குரைத்துக்கொண்டு ஓடினான். அது அவன் காதைக் கவ்வியது, விட்டது, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. அந்த நேரம் முழுக்க அதனிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை, மைனி. அதுதான் இப்போதும் எனக்குள் நிற்கிறது.

"யாருக்க நாயிட்டி அது?" என்று அண்ணன் ஓடிவந்து கேட்டார்.

"தெரியாது அண்ணே. இந்தப் பக்கம் பார்த்ததே இல்ல."

காது லேசாகக் கிழிந்திருந்தது. அண்ணன் கழுவி, மஞ்சள் குழைத்துப் போட்டார். சீக்கிரமே ஆறிவிட்டது. தழும்பின்மேல் முடிகூட முளைத்துவிட்டது. பிறகு அதை யார் நினைத்துப் பார்த்தார்கள்?

வெயில் தொடங்கிய சமயத்தில் ஒருநாள் குட்டன் சாப்பிடவில்லை. ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையில், மிஷினுக்குப் பின்னால் இருட்டில் போய்ப் படுத்துக்கொண்டான். வயிற்றுக்கோளாறு என்று அண்ணன் கஞ்சி வைத்தார். கிண்ணத்தில் குடிக்காததால் விரலால் எடுத்து நாக்கில் தடவி ஊட்டினார். அன்று சாயங்காலம் குட்டன் ஒருமுறை குரைத்தான். ஏதோ வேறு ஒரு நாய் என்று நினைத்து நான் வெளியே வந்து பார்த்தேன். கரகரவென்று தொடங்கி, ஊளைபோல இழுத்து முடிந்தது அந்தக் குரல்.

மறுநாள் காலையில் அண்ணன் வேலிக்கு அப்பால் நின்று கூப்பிட்டார். "ஏட்டி ஸ்டெல்லா, கொஞ்சம் வந்து பிடி. அவனுக்க தொண்டையில எலும்பு மாட்டியிருக்கு."

போய்ப் பார்த்தேன். குட்டனின் கீழ்த்தாடை தொங்கிக் கிடந்தது. வாயை மூட முடியவில்லை. எச்சில் நூல்நூலாக இறங்கித் தரை நனைந்திருந்தது. "குட்டா" என்றேன். என்னைப் பார்த்தான். வாலும் ஆடவில்லை, காதும் அசையவில்லை. நம் வீட்டில் வளர்ந்த பிள்ளை, என்னை யாரென்று தெரியாமல் பார்த்தான்.

அண்ணன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். "நீ கழுத்தப் பிடிச்சுக்க. நான் கைய விட்டு எடுத்திருவேன். அன்னைக்கு ஈஸ்டருக்கு ஆட்டெலும்பு மாட்டினப்போ அவ இப்படித்தானே எடுத்தா?"

"அண்ணே, நில்லுங்க. டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அவன் மூச்சு முட்டிச் சாவான்! அதுக்குள்ள ஒனக்கு போனா?"

நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன். அண்ணனுக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தேன். சின்ன வயதுப் பெண் அவர். நான் சொல்லச் சொல்ல நடுவில் பேசாமல் கேட்டார். பிறகு, "முன்னால எதாவது நாய் கடிச்சதா?" என்றார்.

அண்ணன் நிமிர்ந்தார். நான் காதைப் பற்றிச் சொன்னேன்.

"யாரும் வாய்க்குள்ள கை போடாதீங்க. கொட்டகைக் கதவைச் சாத்துங்க. இது எலும்பு இல்லன்னு நெனைக்கிறேன். வெறிநோயா இருக்கலாம். அவனோட எச்சில் யார் கையிலயாவது பட்டுச்சா? கையில காயம் ஏதாவது இருக்கா?"

அண்ணன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். பெருவிரலில், ரப்பர் பால் வெட்டும் கத்தி பட்ட கீறல். இன்னும் சிவப்பாகத் திறந்திருந்தது. முந்தின நாள் கஞ்சி ஊட்டிய கை.

கதவைச் சாத்தினோம். குழாயடியில் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் அவர் கையைக் காட்டிக்கொண்டே நின்றார். "போதும்" என்றபோதெல்லாம் நான் "இன்னும் கொஞ்சம்" என்றேன். டாக்டர் அப்படித்தான் சொல்லியிருந்தார். உள்ளிருந்து அந்தக் கரகர சத்தம் வந்துகொண்டே இருந்தது. பிறகு நேராக அரசு ஆஸ்பத்திரி. காயத்தைச் சுற்றி ஒரு மருந்து, தோளில் ஒரு ஊசி. அண்ணன் முகம் சுளிக்கவில்லை. "அவனுக்கு ஊசி இல்லியா?" என்று மட்டும் நர்சிடம் கேட்டார். எவனுக்கு என்பதுபோல அந்த நர்ஸ் என்னைப் பார்த்தார்.

கால்நடை டாக்டர் வந்து ஜன்னல் வழியாகவே பார்த்தார். தலையை அசைத்துவிட்டு, இனிமேல் கதவைத் திறக்கக் கூடாது என்றார். அண்ணன் வெளியே, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார். "நான் இங்கதான் இருக்கேன் மக்கா." அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் மத்தியானம் சத்தம் நின்றது. கையுறை போட்டவர்கள் வந்து எடுத்தார்கள். அண்ணனைக் கடைசியாக ஒருமுறை தடவக்கூட விடவில்லை. பரிசோதனையிலும் அந்த நோய்தான் என்று வந்தது.

எல்லாச் சாமானும் அவர் வீட்டில் இருந்தது, மைனி. கஞ்சி, மஞ்சள், உப்பு, அன்பு. எது எதற்குச் செல்லும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது மட்டும் தெரியாமல் போயிற்று. நீங்கள் இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பீர்களா? இல்லை, நீங்களும் கையை விட்டிருப்பீர்களா?

அண்ணனுக்கு எல்லா ஊசியும் போட்டு முடிந்துவிட்டது. ஒன்றுகூடத் தவறவில்லை. சரியான நேரத்துக்கு வந்தீர்கள், இனிப் பயமில்லை என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். நான் நம்புகிறேன். ஆனால் அண்ணன் நம்பவில்லை. அந்த நோய் வந்தவர்களுக்குத் தண்ணீர் இறங்காது என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

இப்போது தினமும் விடிந்ததும் என் வீட்டுக்கு வருகிறார். பல்லைத் தேய்த்துவிட்டு, அடுக்களையில் ஒரு தம்ளரில் வெள்ளம் மொண்டு, எனக்கு எதிரே உட்காருகிறார். தம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன் ஒருகணம் நிற்கிறார். அந்த ஒருகணம் நானும் மூச்சு விடுவதில்லை. அவர் விழுங்குகிறார். என்னைப் பார்த்து, "எறங்குது மக்கா" என்கிறார். நான், "எறங்கும் அண்ணே" என்கிறேன். அதற்குப் பிறகுதான் எங்கள் இருவருக்கும் அன்றைய பொழுது தொடங்குகிறது.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என் முகத்தைப் பார்க்காமல், வேறெதையோ யோசித்துக்கொண்டே அவர் அந்தத் தண்ணீரைக் குடிக்கும் காலை ஒருநாள் வரும். அதுவரைக்கும் எந்தக் காலையிலும் அவருக்கு எதிரே அந்த நாற்காலி காலியாக இருக்காது.

என்றும் உங்கள் நாத்தனார்,
ஸ்டெல்லா