விமானம் நேராக வருகிறதாம்

அன்பு மகன் செல்வக்குமாருக்கு, உசிலம்பட்டியிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். சிங்கப்பூரில் நீயும் நன்றாகத்தான் இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போனில் பேசினால் நான் கத்திவிடுவேன், நீயும் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். போன வாரம் கீழத்தெரு கருப்பு மகள் பாண்டிமீனா லீவுக்கு வந்திருந்தாள். அவளும் சிங்கப்பூரில்தானே வேலை பார்க்கிறாள், பாவம் அலைந்து வந்திருக்கிறாள் என்று உன் அம்மா காப்பியைக் கொடுத்து, ரெண்டு நாள் பயணத்துல ஒடம்பு அசந்துபோச்சா ஆத்தா என்று கேட்டாள். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டது. என்ன அத்தே, பிளேன் நேரா மதுரைக்கே வருது, நாலு மணி நேரந்தான், காலையில ஏறுனேன், மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்கு வந்துட்டேன் என்றாள். உன் அம்மா முகம் செத்துப்போயிற்று. நிலத்துக் கேஸுக்காக நான் மதுரைக் கோர்ட்டுக்கு பஸ்ஸில் போய்வர ஒரு பகல் முழுக்கப் போகிறது, நீ கடல் தாண்டி வருவதற்கு அதைவிடக் குறைவாம்.

ஏன்டா, ரெண்டு பிளேன் மாற வேண்டும், ஒரு நாள் முழுக்க ஆகும் என்று இத்தனை வருஷம் யாரை முட்டாளாக்கினாய்? நாங்களும் நம்பி ஊரெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தோம். உன் பெரியப்பா வீரணன் விடியக்காலையில் செத்தார். நீ வந்து சேர மறுநாள் ஆகிவிடும், அதுவரை போட்டுவைக்க வேண்டாம் என்று சாயங்காலமே எடுத்தோம். செல்வம் வரட்டும், அவன் ஒரு தரம் மொகத்தப் பாக்கட்டும் என்று உன் பெரியம்மா அழுததை நான்தான் அதட்டி அடக்கினேன். இப்போது அந்தத் தெருப் பக்கம் போகவே கூசுகிறது.

இப்போது உன் அக்கா மகள் கனிஷ்கா காதுகுத்துக்கும் அதே பாட்டு. தமிழ்ச்செல்விக்குக் கூடப்பிறந்தவன் நீ ஒருவன்தான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் நம் கோயிலில் காது குத்துவது, இது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீ களைத்து வருவாய், படுத்து எழுந்திருக்க வேண்டும் என்று மாசியில் குறித்த நாளையே ஒரு தரம் தள்ளிவைத்த மடையர்கள் நாங்கள். இப்போது பயணம் பெரிசு, பங்காளி வீட்டு அண்ணன் யாரையாவது உட்கார வையுங்கள் என்கிறாய். உன் மடி என்ன பஸ் சீட்டா, துண்டைப் போட்டு வேறொருத்தன் உட்கார? சீர் பெரிதாகச் செய்ய வேண்டுமே என்று பயந்தால் அதை வாய்விட்டுச் சொல்லித் தொலை. வெறுங்கையோடு வா. தட்டும் தாம்பாளமும் நான் பார்த்துக்கொள்கிறேன். உன் மச்சான் அசோக்குமார் ஒரு வார்த்தை பேச மாட்டார், பேசினால் நான் இருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ட நேரத்தில் தூங்காதே. எவ்வளவு கோபம் இருந்தாலும் நம் சாமி உனக்குத் துணையிருக்க வேண்டும் என்றுதான் நானும் உன் அம்மாவும் கும்பிடுகிறோம். ஆவணி முதல் முகூர்த்தம், மறந்துவிடாதே. நீ வந்தால் குத்துவோம், வராவிட்டால் குத்த மாட்டோம், உன் அக்காவும் அதைத்தான் சொல்கிறாள். பிள்ளை வெறும் காதோடு பள்ளிக்கூடம் போகட்டும். யாராவது கேட்டால், தூரமாக இருக்கிறார் என்று சொல்லாதே, மாமாவுக்கு வர மனசில்லை என்று சொல் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பன்,
பேயாண்டி