வசனம் எங்கே?

இருங்காட்டுக்கோட்டை,
ஞாயிறு சாயங்காலம்.

கர்த்தருக்குள் பிரியமான மருமகன் செல்வினுக்கு, மாமா ஜெபசிங் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. குஜராத் கம்பெனிச் சாப்பாடு உன் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதா?

இங்கே நடந்ததெல்லாம் நான் முன்னாலேயே சொன்னதுதான். நம் மாடி ஜெபக்கூட்டத்துக்கு அந்தோணிராஜ் கீபோர்டு வாங்கி வந்த அன்றைக்கே, இவன் எங்கே போய் நிற்பான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தினால் என்ன, வல்லம் வடகால் கம்பெனியில் கேட் செக்யூரிட்டியாக நின்று ஆயிரம் முகம் பார்க்கிறவன் நான். போனில் சொன்னால் நடுநடுவே குறுக்குக் கேள்வி போடுவாய். அதனால் தாளில் எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

மாற்றலாகிப் போகும்போது கூட்டத்தை அவன் கையில்தானே ஒப்படைத்தாய்? கம்பெனியில் உன்னோடு ஒரே லைனில் வேலைக்கு நின்றவன், ஒரே ரூமில் படுத்தவன். ஒரு வழக்கத்தை மட்டும் விட்டுவிடாதே என்று அவனிடம் கெஞ்சிவிட்டுப் போனாய். யார் பிரசங்கம் செய்தாலும் சரி, உட்கார்ந்திருக்கிற யாரும் “வசனம் எங்கே?” என்று கேட்கலாம். பேசுகிறவர் பைபிளில் எடுத்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் உட்கார்ந்துவிட வேண்டும். பைபிளில் பெரோயா ஊர்க்காரர்கள் அப்போஸ்தலன் பவுலையே அப்படித்தான் சோதித்தார்கள் என்று நீ சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இப்போது அவன் “பர்மனென்ட் ஆசீர்வாத ஆராதனை” என்று வாசலில் பேனர் கட்டிவிட்டான். காண்ட்ராக்ட் பிள்ளைகள் கம்பெனி ஐடி கார்டைக் கழற்றி எவர்சில்வர் தட்டில் வைக்க வேண்டும். இவன் ஒவ்வொன்றிலும் எண்ணெய் தடவி, வேலை நிரந்தரமாகிவிட்டது என்று அறிக்கை செய்வான். ஐந்நூறு பேர் வந்தார்கள், மாடி கொள்ளவில்லை. மறுநாள் காலையில் எங்கள் கேட் மெஷின் எண்ணெய்ப் பிசுக்கில் பாதிக் கார்டைப் படிக்கவே மறுத்துவிட்டது.

வீட்டுக்காரர் அண்ணாதுரை தண்ணீர் டேங்க் பார்க்க மேலே வந்தார். “இன்னா ஜெபசிங்கு, நாங்க ஆயுத பூஜைக்கு மிஷினுக்குப் பொட்டு வெக்கிறோம், நீங்க கார்டுக்கு எண்ணெ தடவிக்கினு கீறீங்க. எல்லாம் ஒண்ணுதான் போல” என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது.

நான் சும்மா இருப்பேனா? போன மாதம் ஒரு ஞாயிறு தட்டு நிரம்பியதும் எழுந்தேன். “வசனம் எங்கே?” என்று போட்ட சத்தம் செம்பரம்பாக்கம் ஏரிவரை கேட்டிருக்கும். கீபோர்டு நின்றுபோனது. அந்தோணிராஜ் பைபிளில் யாக்கோபு நிருபத்தைப் புரட்டி, “எண்ணெ பூசணும்னு எழுதியிருக்குல்லா?” என்றான். “அது சீக்காளிக்குண்ணே. கார்டுக்குக் காய்ச்சலா அடிக்கு?” என்று திருப்பிக் கேட்டேன். நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அவன் முகம் கறுத்துவிட்டது. மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு, “செல்வின்ட்ட கேட்டுத்தான் செய்யுதேன். அவனே சரின்னுட்டான். இனிமே இங்க கேள்வி கெடயாது. விசுவாசம் இல்லாதவங்க படி எறங்கலாம்” என்றான்.

உன் பேரைச் சொல்லியே உன் வழக்கத்தை அறுத்துப்போட்டான், மருமகனே. நீ அப்படிச் சொல்லியிருக்க மாட்டாய். ஊரே சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

படி இறங்கியது பாண்டிச்செல்வி. கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளை, நீதானே அவளுக்கு பைபிளில் அதிகாரம், வசனம் தேடிப் படிக்கக் கற்றுக்கொடுத்தாய். கேட்டவன் நான், போனவள் அவள். அது எப்படி என்று நோண்டாதே, கூட்டம் என்றால் அப்படித்தான். நீ கொடுத்த பைபிளை மேல்படியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். நீயும் சம்மதித்தாய் என்று நம்பிவிட்டாள். பைபிளை எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனேன், வாங்கவில்லை. “அத்தன பேர் இருந்தீங்க. எனக்காக ஒருத்தரும் ஒரு வார்த்த பேசலையே, மாமா” என்றாள். என்னைச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னாள்.

அந்தோணிராஜோடு சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் அவளுக்கு ஒரு போன் போடு. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அவள் எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை, ஓ.டி. கேட்டு வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறாளாம். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் மாமா,
ஜெபசிங்.

செல்வின், போட்டோ எடுக்கப் போனேன், கை வரவில்லை. ஐந்நூறு பேர் என்றது ஐம்பது, அதை விடு. அன்றைக்கு எழுந்து கேட்டது நான் இல்லை, பாண்டிச்செல்விதான். அந்தோணிராஜை நான் எந்தக் காலத்தில் அண்ணே என்று கூப்பிட்டேன்? அங்கேயே நீ பிடித்திருப்பாய். அடுத்த மாதம் எனக்கும் காண்ட்ராக்ட் முடிகிறது. அவள் நின்று கேட்டபோது என் கார்டும் அந்தத் தட்டில்தான் இருந்தது. தலையைக் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது சரி என்று நீதான் அவளிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் இனி எப்படி நம்புவாள்?